எதிர்ச் சுவரில் ஒரு விளக்கு

எங்கள் வீட்டில் அப்பாவை வாயால் கூப்பிட்டுப் பயனில்லை. ஸ்விட்சைத் தட்ட வேண்டும். முன்னறைக்கு வெளிச்சம் குறைவு என்பதால் அங்கே பகலிலும் விளக்கு எரியும். அதை அணைத்துப் போட்டால் அவர் திரும்புவார். அம்மா ஒரு தடவை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போடுவாள். நான் படபடவென்று தட்டி, ஸ்விட்ச் போய்விடும் என்று திட்டு வாங்குவேன். அக்கா இரண்டு தடவை, நிதானமாக, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தட்டுவாள். திரும்பும் முன்பே யார் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். "என்னடி வேணும் உனக்கு?" என்று கேட்டபடியேதான் என் பக்கம் திரும்புவார். திரும்பியதும் அவர் கண் நம் உதட்டுக்கு வந்துவிடும். மெதுவாகப் பேசினால் எல்லாம் புரியும்.

நான் இப்போதுதான் பள்ளியை முடித்திருக்கிறேன். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. கேட்ட வாயோடு, "உங்க அக்கா படிச்சத மட்டும் படிச்சிடாத" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார்கள். படிக்கப் போன இடத்தில் பெற்ற அப்பன் வேலைக்கே உலை வைத்தவள் என்று அக்காவுக்குப் பெயராகிவிட்டது. யாரோடும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவள் என்ன படித்தாள், என்ன செய்தாள் என்று ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டால், கேட்பவர்களிடம் இதைக் கொடுத்துவிடலாம்.

அக்காவுக்கு வீட்டுப் பெயர் 'ஆச்சுன்னா'. வைத்தது மாமா, அம்மாவின் தம்பி. அக்கா சின்ன வயதிலிருந்தே எதைச் சொன்னாலும், "இப்படி ஆச்சுன்னா?" என்று கேட்பவள். கடற்கரைக்குப் போகலாமா என்றால், "பஸ்சு வரலன்னு ஆச்சுன்னா?" என்பாள். புதுச் செருப்பு வாங்கித் தந்தால், "வார் அறுந்துடுச்சுன்னு ஆச்சுன்னா?" என்று பழையதையும் பையில் வைத்துக்கொள்வாள். பாதி வழியில் வார் அறுந்தது என் செருப்புதான். அவளுடைய பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

பல்கலைக்கழகத்தில் அவள் கேட்டது வேறு படிப்பு. அது நிரம்பிவிட்டது. சேர்க்கை அறையில் இருந்தவர் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "இடர் மேலாண்மையும் காப்பீடும்னு ஒண்ணு இருக்கு. ஆளே சேர மாட்டேங்கறாங்க. எடுத்துக்கறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் வந்து சொன்னபோது மாமா சிரித்த சிரிப்பில் அவர் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

"பாலிசி விக்கறதுக்குப் பட்டமா? எங்க வேனுக்குப் பாலிசி போட்டுத் தர்ற ஆளு பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குத்தான் ஒதுங்கியிருப்பான். என்னமா பேசறான் தெரியுமா?"

"விக்கறது இல்ல மாமா. எங்க என்ன ஆபத்து இருக்குன்னு பாக்கறது."

"அத நீ பொறந்ததுலேருந்து பாத்துட்டுத்தானே இருக்க. இனிமே ஃபீஸ் கட்டிப் பாரு."

"பேரே நல்லா இல்ல," என்றாள் அம்மா. "இடராம். வாசலோட விட்டுட்டு வர வேண்டியத, புஸ்தகத்துல கட்டி வீட்டுக்குள்ள கொண்டு வருவாங்களா?"

அப்பா மூன்று பேர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆபீஸ் உத்தியோகம்தானே? ஃபேனுக்குக் கீழ உக்காந்து செய்யலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார். அக்கா தலையசைத்தாள். "அப்ப சேரு," என்றார். பாய்லர் அறையிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

வகுப்பறை கணக்குத் துறைக் கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருந்தது. முதல் நாள் ஆசிரியை உள்ளே வந்து, "இந்த ரூம்ல என்னென்ன ஆபத்து வரலாம்? எழுதுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாராம். எல்லோரும் தீ, வெள்ளம், நிலநடுக்கம் என்று எழுதினார்கள். அக்கா எழுதியது ஒரே வரி. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் ஓடி வந்து நெருக்கினால் திறக்க முடியாது. ஆசிரியை அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவரை அவளுடைய குணத்தை எல்லோரும் கேலி செய்தார்கள். இங்கே அதற்கு ஒரு வகுப்பறையே கட்டி வைத்திருந்தார்கள்.

படித்ததையெல்லாம் எங்களிடம் ஒப்பிப்பாள். ஒரு ஆபத்தைச் சமாளிக்க நான்கு வழிகள் இருக்கின்றனவாம். அந்தப் பக்கமே போகாமல் தவிர்ப்பது, வந்தாலும் சேதம் கொஞ்சமாக இருக்கும்படி குறைப்பது, காப்பீடு எடுத்து இன்னொருவர் தலைக்கு மாற்றிவிடுவது, ஒன்றும் முடியாவிட்டால் ஏற்றுக்கொள்வது.

"நம்ம வீட்டுக்கு நாலாவதுதான் சரிப்படும்," என்றார் மாமா. "உங்க அம்மாவ எங்க மச்சான் அப்படித்தான் சமாளிக்கறாரு."

அம்மா கையில் இருந்த துணியை அவர்மேல் எறிந்தாள். அந்தத் துணிகூட முன்பு அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கியது. அக்கா படிக்கத் தொடங்கியபின் அந்தக் கொடி இடம் மாறிவிட்டது.

அப்பா வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை ஆலையில். ஓட்டல், மருத்துவமனை விரிப்புகளெல்லாம் அங்கேதான் போகும். மாமா அங்கே வேன் ஓட்டுகிறார். பின்பக்கம் இருக்கும் பாய்லருக்கு அப்பாதான் ஆள். அதன் இரைச்சலும், துவைக்கும் இயந்திரங்களின் அதிர்வும் சேர்ந்து அந்த இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள். இரண்டு விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாச்சு. உள்ளங்கையை விரித்துக் காது உயரத்துக்குத் தூக்கினால், கேட்டுச்சு, புரிஞ்சுது என்று அர்த்தம். அந்த இரைச்சல்தான் அப்பாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அதே இரைச்சல்தான் காது போனதை யாருக்கும் தெரியாமல் மறைத்தும் வைத்தது. யாருக்குமே எதுவும் கேட்காத இடத்தில் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மாமாவுக்குத் தெரியும். அவர் எங்கள் ஆள், சொல்ல மாட்டார். வீட்டுக்கு வெளியே வேறு யாருக்கும் தெரியாது.

கடைசி வருடம் மாணவர்கள் ஆளுக்கொரு தொழிலிடத்துக்குப் போய், அங்கே இருக்கும் ஆபத்துகளைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அவ்வளவு எளிதில் யாரும் உள்ளே விடுவதில்லை. அக்காவின் வகுப்புத் தோழி ஒருத்தி மாவு மில் வாசலில் காத்திருந்தே காய்ச்சலில் விழுந்தாள். அக்காவுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. அப்பாவே மேனேஜரிடம் போய், "என் பொண்ணு யுனிவர்சிட்டிலேருந்து வந்து பாக்கணும்கறா" என்று கேட்டார். யாரிடமும் எதற்கும் போய் நிற்காத மனிதர். அக்கா போன அன்று, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாய்லர் முன்னால் நின்றாராம். இஸ்திரி இயந்திரத்தில் நிற்கும் பெண் அக்காவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கையாலேயே, "மூக்கு மட்டும்தான் உன்னுது. மிச்சமெல்லாம் தப்பிச்சுடுச்சு," என்று சொல்ல, அப்பா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

மேனேஜரும் நல்லவிதமாகத்தான் பேசினார். "பாத்ததையெல்லாம் எழுதும்மா. எங்க இன்சூரன்ஸ்காரங்க இந்த மாதிரி ஒண்ணு கேட்டுட்டே இருக்காங்க. உன்னோடதையே குடுத்துடறேன்."

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அடிக்க ஒரு மணி இருந்தது. அது இருந்த பலகை ஒரு சுவரில். தண்ணீர் பம்ப்பும் வால்வுகளும் எதிர்ச் சுவரில். அப்பா அதிக நேரம் நிற்பது பம்ப் பக்கம்தான், பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மணி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. மேனேஜர் போனில் எதையோ படித்துக்கொண்டே சோதனைப் பொத்தானை அழுத்தினார். மணி அலறியது. துவைக்கும் பக்கத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா குனிந்து வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அக்கா எதையோ அளப்பவள் போல நடந்துபோய் அவர் கண் படும் இடத்தில் நின்று பலகையைக் காட்டினாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். போய் மணியை நிறுத்தினார். மேனேஜர் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வந்தவள் என்னிடம் மட்டும் இதைச் சொன்னாள். நாங்கள் இருவரும் ஒரே அறை. அறிக்கையில் மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, அந்த ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"எழுதாம விட்டுட்டா என்னக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்ன?"

"ஆகற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஒருநாள் தண்ணி கொறைஞ்சு, மணி அடிச்சு, அப்பா திரும்பலன்னு ஆச்சுன்னா? வெடிச்சா மொதல்ல யாருக்குடி அடி? மேனேஜருக்கா?"

"அப்ப எழுதிடு."

"எழுதினா வேலை போகும்."

இரண்டில் ஒன்று என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பாவின் உயிரா, அப்பாவின் வேலையா? நகத்தைக் கடித்துக்கொண்டு சில நாள் சுற்றினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. ஒருநாள் அம்மா பொறுமை போய், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது என்று சொல்லி, எங்கள் அறை விளக்கை அணைத்துப் போட்டாள். "அப்பனுக்குத்தான் காது கேக்கல, உனக்குமா?"

அக்கா தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தாள். பிறகு அம்மாவை அப்படியே கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவள் எழுதியது இதுதான்: 'இயந்திர இரைச்சலில் மணியோசை கேட்காமல் போகக்கூடும். மணியோடு சேர்ந்து எரியும்படி, பணியாளர் அதிகம் நிற்கும் இடத்துக்கு நேரே, எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புச் சுழல்விளக்கு பொருத்த வேண்டும்.' அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அப்பாவைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அப்பாவின் உயிரும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். எழுதி முடித்துவிட்டு என்னை எழுப்பி உட்கார வைத்து இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இவ்வளவு நாள் படித்ததற்கு இந்த ஒரு வரி போதும் என்றாள்.

அறிக்கைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. மேனேஜர் சொன்னபடியே அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார். அங்கே யாரோ ஒருவர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, 'விளக்குப் பொருத்தவும். இல்லையென்றால் பாய்லர் பணியாளரின் செவித்திறனுக்கு மருத்துவச் சான்று தரவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

விளக்குப் போட எலக்ட்ரீஷியன் வர வேண்டும், பாய்லரை ஒருநாள் நிறுத்த வேண்டும், விரிப்புகள் மலையாகக் குவிந்துவிடும். சான்று வாங்குவது சுலபம். காது கேட்கும் ஆளுக்குக் காது கேட்கிறது என்று எழுதி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? மேனேஜர் அப்படித்தான் நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைத் தெரியாமல் வைத்ததே நாங்கள்தான்.

அப்பாவைக் காது பரிசோதனைக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனது மாமா. அங்கே நடந்ததை அவர் அம்மாவிடம் சொல்லும்போது முதல்முறையாக ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அப்பாவை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொன்னார்கள். அப்பா கண்ணாடி வழியாக அந்தப் பரிசோதனைப் பெண்ணின் விரலைப் பார்த்துக்கொண்டு, அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சரியாகக் கையைத் தூக்கியிருக்கிறார். அந்தப் பெண் கெட்டிக்காரி. எழுந்து வந்து, "ஐயா, அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க," என்று நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா குத்துமதிப்பாகக் கையைத் தூக்கினார். தூக்கினார், இறக்கினார், தூக்கினார். "நான் வெளிய நின்னு பாத்துட்டு இருக்கேன்க்கா," என்றார் மாமா. "பொத்தானையே அமுக்கல அந்தப் பொண்ணு. அதுபாட்டுக்கு எழுதிட்டு இருக்கு. மச்சான் மட்டும் சுவத்தப் பாத்துக் கைய தூக்கிட்டே இருக்காரு."

காதுக்குக் கருவி வைத்தாலும் பயனில்லை, நரம்பு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று அப்பா மத்தியானமே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அக்காவிடம் வந்து அவள் வாயைப் பார்த்தபடி நின்றார்.

"உன் ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தான் கேட்டாங்களாமே?"

அக்கா தலையை அசைத்தாள்.

"அதுக்கு மார்க் போட்டாங்களா?"

"போட்டாங்கப்பா."

"எவ்வளவு?"

"கிளாஸ்லயே அதிகம்ப்பா. அப்பா, நான் எழுதினது லைட்டு தான்..."

முதல் வார்த்தைகளை மட்டும்தான் பார்த்தார். "ம். நல்லது," என்று சொல்லித் திரும்பிவிட்டார். திரும்பிய பிறகு சொன்னது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஆலையில் அவரைக் கைவிட்டுவிடவில்லை. விரிப்பு மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேதான் பெரிய வேதனை. மடிக்கும் அறை அமைதியானது. அங்கே மனிதர்கள் வாயால் பேசிக்கொள்வார்கள், பாட்டு முணுமுணுப்பார்கள், மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேலி செய்வார்கள். பாய்லர் அறையில் எல்லோரையும் போல இருந்தவர் அங்கே போய்த்தான் செவிடர் ஆனார். யாரோ முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டு, அவர் திரும்பாமல் போக, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதோடு அவர் வேலைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அடிக்கடி சொன்ன அந்த நான்கு வழிகளில் முதலாவது, தவிர்ப்பது. ஆபத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அவள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். ஆலைக்கு ஆபத்து அப்பா. அவரைத் தவிர்த்துவிட்டார்கள். "இதுவும் புஸ்தகத்துல இருக்கறதுதான்டி," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "நான் ரெண்டாவத எழுதினேன். அவங்க மொதலாவத செஞ்சாங்க. சுலபமா எது இருக்கோ அத செய்வாங்கன்னு நான்தானே முன்னாடியே பாத்திருக்கணும்? என் வேலையே அதுதானே?"

அதன்பின் நடந்ததைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. அப்பா அக்காவைத் திட்டவில்லை. அவள் தட்டும்போது திரும்பவில்லை, அவ்வளவுதான். அம்மா தட்டினால் திரும்புவார். நான் தட்டினால், "ஸ்விட்ச உடைச்சுடாத," என்பார். அக்கா இரண்டு தடவை நிதானமாகத் தட்டினால் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார். அவர் திரும்பாவிட்டால் அவள் பேச முடியாது. அவருக்குப் போய்ச் சேர உதட்டைத் தவிர வேறு வழியில்லை. சரி, எதிரே போய் நின்றால்? கண்ணை மூடிக்கொள்வார். அறிக்கையின் நகலை அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதன்மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், படிக்கவில்லை. ஒருநாள் நான் தட்டுவது போலப் படபடவென்று தட்டினாள். அப்பா ஆசையாகத் திரும்பி, அவளைப் பார்த்ததும் முகம் மாறி மறுபடி ஜன்னலுக்குப் போனார். அக்கா அதை மறுபடி செய்யவில்லை. ஏமாற்றிக் கூப்பிட்டது போல ஆகிவிட்டது என்று அழுதாள்.

பட்டம் கிடைத்தது. வெகுதூரத்தில் ஒரு ஊரில் வேலையும் கிடைத்தது. பேக்கரி, மர அறுவை, குளிர்பதனக் கிடங்கு என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை. ஃபேனுக்குக் கீழே உட்காரும் வேலை இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா வந்தார். வாசலில் நின்றே சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகத்தோடு, "விஷயம் தெரியுமா?" என்றார். அம்மா விளக்கைத் தட்ட, அப்பா திரும்பினார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"பாய்லருக்கு ஒரு சின்னப் பையனப் போட்டாங்க இல்ல மச்சான்? அவன் எந்நேரமும் காதுல ஹெட்போன். பாட்டுக் கேட்டுட்டே நிக்கறான். கழட்டுடான்னா வேலைய விட்டுடுவேங்கறான். வேற ஆள் கிடைக்கல. மேனேஜர் பாத்தாரு, சிவப்பு லைட்டு ஒண்ணு வாங்கி மாட்டிட்டாரு. மணி அடிச்சா அதுவும் சேந்து சுத்துது."

  நன்றாகக் கேட்கும் காதை மூடிக்கொண்டு நிற்பவனுக்கு விளக்குக் கிடைத்துவிட்டது.

அப்பா, "எந்தச் சுவத்துல?" என்று கேட்டார்.

"பலகைக்கு மேலயே."

"அங்க எதுக்கு?" என்றார் அப்பா. "பலகையப் பாத்துட்டு நிக்கறவனுக்கு லைட்டு எதுக்கு? பம்ப் பக்கம் நிக்கறப்பதானே தெரியணும்."

"எதிர்ச் சுவருன்னுதான்ப்பா எழுதினேன்," என்றாள் அக்கா. அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. நான் அப்பாவுக்கு முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, என் வாயை அவருக்கு நேராக வைத்துக்கொண்டேன். "எதிர்ச் சுவருன்னுதான் எழுதினாளாம்ப்பா அக்கா. நீங்க நிக்கற இடத்துக்கு நேரா. உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல. லைட்டு வைக்கணும்னு மட்டும்தான் எழுதினா."

"என்ன?" என்றார்.

மறுபடி சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. அவர் என் உதட்டையே பார்த்தார். நான் முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்கா பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அக்கா ஸ்விட்சின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு தடவை தட்டினாள். அவர் திரும்பவில்லை. "போயிட்டு வரேன்ப்பா," என்று அந்த முதுகிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அம்மா அழுதுகொண்டே அவளை பஸ் ஏற்றிவிடப் பின்னால் போனாள்.

அவர்கள் தெருமுனைக்குப் போகும் வரை பார்த்துவிட்டு நான் கதவைச் சாத்தத் திரும்பினேன். அப்போதுதான் அப்பா கையைத் தூக்கினார். திரும்பாமலேயே. காது உயரத்துக்கு. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து இறக்கிவிட்டார்.

நான் படிகளில் ஓடினேன். அதற்குள் பஸ் போய்விட்டது, தெருமுனையில் அம்மா மட்டும் தனியாக நின்றிருந்தாள். அம்மாவின் போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அப்பா கைய தூக்கினாருக்கா! நீ போனதுக்கு அப்புறம்."

"தலைய சொறிஞ்சிருந்தாருன்னா?" என்றாள்.

"இல்லக்கா. பாய்லர்ல காட்டுவாரே, அது மாதிரி."

"உள்ளங்கைய விரிச்சிருந்தாரா?"

"அப்படித்தான் தெரிஞ்சுது."

"நீ முன்னால நின்னு பாத்தியா, பின்னாலேருந்தா?"

"பின்னாலேருந்துதான்."

"அப்ப நிச்சயமாச் சொல்ல முடியாது," என்றாள். அறிக்கை வாசிப்பது போலத்தான் சொல்லப் பார்த்தாள். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. பஸ்சின் இரைச்சலுக்கு நடுவே மிக மெதுவாகக் கேட்டாள்.

"ஆனா தூக்கினாரு இல்ல?"

"தூக்கினாருக்கா," என்றேன்.